செங்கற்பட்டுக் கடற்கரையும் செருமானியத் துப்பாக்கியும்

தமிழ் பயின்றோர் செருமானியரை நூல் வழியாகவே அறிவர். 1706-இல் தரங்கம்பாடியில் வந்திறங்கிய சீகன்பால்கு, 1779-இல் தமிழ் அகராதியை வெளியிட்ட பப்ரீசியசு, 1856-இல் திருக்குறளைத் தம் மொழியில் பெயர்த்து அச்சிட்ட கிரௌல் என்று நீளும் அவ்வரிசை நமக்கு மனப்பாடம். ஆயின் அதே நூற்றாண்டுகளில் அதே நாட்டு மக்கள் படைவீரராகவும் இக்கடற்கரையில் நின்றனர் என்பதும், அவர் நாட்டுப் பட்டறைகளில் உருவான படைக்கலங்கள் நம் ஊர்களில் கைமாறின என்பதும் ஆராய்ச்சியாளர் கருத்தை அத்துணை ஈர்த்ததில்லை. படைக்கலங்களைத் தேடித் தொகுப்போர் சிலர் உளர். அவர்களிடையே 'செருமானியத் துப்பாக்கி' என்னும் பெயர் மிகுந்த மதிப்போடு வழங்குகின்றது. அப்பெயர் எதனைக் குறிக்கின்றது, ஒரு துப்பாக்கியின் பிறப்பிடத்தை எவ்வகைச் சான்றால் துணிவது என்பனவற்றைச் செங்கற்பட்டு, மாமல்லபுரக் கடற்கரையை நிலைக்களனாகக் கொண்டு ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம். செங்கற்பட்டு என்று ஈண்டுக் குறிப்பது 2019-இல் அமைந்த புதிய மாவட்டத்தை மட்டுமன்று. காஞ்சியும் பரங்கிமலையும் உள்ளடங்கிய பழைய செங்கற்பட்டு மாவட்டத்தையும் ஆகும்.

சொல்லும் பொருளும்

முதற்கண் சொல்லை நோக்குவோம். துப்பாக்கி என்பது துருக்கிய மொழியினின்றும் புறப்பட்டுப் பல மொழிகளின் வாய்ப்பட்டுத் தமிழுக்கு வந்த சொல். சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகனும் அதனைத் துருக்கியச் சொல்லாகவே காட்டும். தெலுங்கும் கன்னடமும் இதனைச் சிறு திரிபோடு வழங்குகின்றன. எனினும், துப்பு என்பது வலிமை; வலிமையை ஆக்குவது துப்பாக்கி; எனவே இது தூய தமிழ்ச் சொல்லே என வாதிடுவார் இன்றும் உளர். திருக்குறளின் பன்னிரண்டாம் பாடலில் இவ்வெழுத்துத் தொடர் அப்படியே வருவதனையும் அவர் துணைக்கழைப்பர். ஆண்டு அது மழை உணவை ஆக்கித் தருதலைச் சுட்டும் வினையெச்சமேயன்றிக் கருவியின் பெயரன்று. ஒலியொப்புமை கண்டு பிறப்பிடம் துணிவது சொல்லாராய்ச்சியில் எத்துணை வழுவோ, அத்துணை வழுவே தோற்றங்கண்டு துப்பாக்கியின் பிறப்பிடம் துணிவதும்.

பீரங்கி, பரங்கி என்னும் இரண்டும் 'பிராங்கு' என்ற இனப்பெயரின் வழிவந்தவை. அரபியரும் பாரசீகரும் மேலைநாட்டார் அனைவரையும் அப்பெயராற் சுட்டினர். ஐரோப்பிய அலகு பொருத்திய வாளுக்கு வடநாட்டில் 'பிரங்கி' என்றே பெயர். பிராங்கியர் செருமானிய இனக்குழுவினர் என்பது வரலாறு. அதுகொண்டு பரங்கிமலையையும் பரங்கிக்காயையும் செருமானியத்தோடு உறவுபடுத்துவார் இலர். ஆனால் படைக்கலத் தொகுப்பாளர் சிலர் செய்யும் முடிபுகள் இதனினும் மிக வேறுபட்டன அல்ல என்பதைப் பின்னர்க் காண்போம்.

தமிழில் மற்றோர் இடர்ப்பாடும் உண்டு. குழலின் உட்புறம் வழவழப்பாக இருப்பதையும், உட்புறத்தில் திருகுபுரியாகப் பள்ளம் வெட்டிக் குண்டைச் சுழலச் செய்வதையும் நாம் துப்பாக்கி என்ற ஒரு சொல்லாலேயே குறிக்கின்றோம். பின்னதையே மக்கள் ரைபிள் என்பர். பதினெட்டாம் நூற்றாண்டின் காலாட்படையினர் பெரும்பாலும் ஏந்தியது முன்னதே. செருமானிய நாட்டு வேட்டைக்காரரும் அவர்களினின்று திரட்டப்பட்ட சிறு படைப்பிரிவினரும் புரியிட்ட குழலை முன்னரே கையாண்டனராயினும், படை முழுமைக்கும் அது உரியதானது பத்தொன்பதாம் நூற்றாண்டின் இடைப்பகுதியிலேயாம். ஆகவே 'திப்பு காலத்துச் செருமானிய ரைபிள்' என்று ஒருவர் ஒன்றைக் காட்டுவாராயின், அதன் குழலினுள் நோக்கும் முன்னரே ஐயுறுதற்கு இடமுண்டு.

பிறர் கொடிக்கீழ் வந்தோர்

இருபதாம் நூற்றாண்டுக்கு முன் செருமானியர் இக்கரைக்குப் படையெடுத்து வந்தாரல்லர். 1871 வரை செருமானியம் என்று ஓர் அரசே இல்லை. வந்தவர் அனைவரும் பிறர் கொடிக்கீழ் வந்தனர். இவ்வுண்மையை மறந்தால் பின்வரும் செய்திகள் அனைத்தும் குழப்பமாகும்.

மாமல்லபுரத்துக்கு வடக்கேயுள்ள கோவளத்தில் 1720-ஐ ஒட்டிய ஆண்டுகளில் ஆசுட்டெண்டு வணிகக் குழுவினர் ஒரு பண்டகசாலை நிறுவினர். அக்குழுவுக்கு 1722-இல் உரிமைப் பட்டயம் அளித்தவர் ஆறாம் சார்லசு என்னும் பேரரசர். ஐரோப்பிய வழக்கில் அவரே செருமானியப் பேரரசர். ஆனால் குழுவின் முதலீடும் மாலுமிகளும் பெரும்பாலும் இன்றைய பெல்சிய நாட்டைச் சார்ந்தவை. ஏனை வணிகக் குழுவினரின் அழுக்காற்றால் 1727-இல் அதன் உரிமை நிறுத்திவைக்கப்பட்டு, 1731-இல் குழுவே கலைக்கப்பட்டது. கோவளத்தில் ஒரு துப்பாக்கி கிடைத்து, அதில் இருதலைக் கழுகு முத்திரை இருப்பின், அதனைச் செருமானியம் என்பதா, ஆசுத்திரியம் என்பதா, பெல்சியம் என்பதா? அரசுரிமை ஒன்று, பட்டறை மற்றொன்று, ஏந்திய கை வேறொன்று.

தெற்கே சதுரங்கப்பட்டினத்தின் நிலை இதனினும் நுட்பமானது. அங்குள்ள கோட்டையும், பூவேலைப்பாடமைந்த கல்லறைகளும் ஒல்லாந்தருடையவை என்பது பள்ளி மாணவரும் அறிந்தது. ஆனால் ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் குழுவின் கப்பல்களில் 1602 முதல் 1795 வரை ஆசியாவுக்குப் புறப்பட்ட ஏறத்தாழப் பத்து இலட்சம் பேருள் பாதிக்கு அண்மையினர் பிறநாட்டார் எனவும், பதினெட்டாம் நூற்றாண்டில் அதன் படைவீரருள் பெரும்பகுதியினர் செருமானியப் பகுதிகளினின்று வந்தோர் எனவும் அக்குழுவின் ஊதியப் பதிவேடுகளை ஆராய்ந்தோர் காட்டியுள்ளனர். எனவே ஒல்லாந்தர் கோட்டைகளின் மதில்மேல் இரவுக் காவல் நின்றவர் பலர் செருமானிய மொழியிலேயே கனாக் கண்டிருப்பர். அவர் கையிலிருந்த துப்பாக்கியிலோ வி, ஓ, சி என்னும் மூன்று உரோமன் எழுத்துகளைப் பின்னிய குழுவின் முத்திரையும், அதன்மேல் எந்த நகரத்துக் கிளை அதனை வாங்கியது என்பதைக் காட்டும் தனியெழுத்தும் இருக்கும்; ஆம்சுடர்டாமாயின் 'ஏ', ஊர்னாயின் 'எச்'. ஒல்லாந்தர் தம் நாட்டுப் பட்டறைகளோடு லீசு நகரத்தினின்றும், துரிங்கியக் காட்டகத்துச் சூல் நகரத்தினின்றும் படைக்கலங்களை வாங்கினர். அச்சூல் 1634-இல் தீக்கிரையாகியும் மீண்டெழுந்து தன் தொழிலைத் தொடர்ந்த ஊர். ஆகவே ஒல்லாந்த முத்திரையுடைய ஒன்று செருமானிய இரும்பாகவும், அதை ஏந்தியவன் செருமானியனாகவும் இருக்க, நாம் அதனை ஒல்லாந்தத் துப்பாக்கி என்று எழுதிவைத்துவிடுகின்றோம். அஃது உடைமையால் சரியே, பிறப்பால் அன்று.

கருநாடகப் போர்களிலும் இதே நிலைமை. ஆங்கிலேயர் சுவிசு நாட்டு வீரரைக் கூலிக்கு அமர்த்தினர். 1752-இல் அவருள் ஒரு பிரிவினர் சென்னையினின்றும் கடலூர்ப் பக்கத்துப் புனித டேவிட் கோட்டைக்குப் படகுகளில் சென்றபொழுது துய்ப்ளேயின் ஆட்கள் கடலிலேயே அவரைச் சிறைப்பிடித்தனர். அவ்வாண்டிலேயே கோவளத்தையும் செங்கற்பட்டுக் கோட்டையையும் கிளைவு பிரெஞ்சுக்காரரிடமிருந்து கைப்பற்றினான். ஒரு கோட்டை கைமாறும்பொழுது அதிலுள்ள படைக்கலங்களும் உடன் கைமாறும்; ஆகவே ஓர் ஊரில் கிடைத்தது என்பதனாலேயே அது அவ்வூரை ஆண்டவனுக்குரியது என்று கொள்ளலாகாது.

எல்லாவற்றினும் தெளிவான சான்று ஹானோவர்ப் படையே. இங்கிலாந்து மன்னர் மூன்றாம் சார்சு, செருமானியத்து ஹானோவர் நாட்டுக்கும் தலைவராக இருந்தார். ஐதரலியோடு நடந்த போரில் 1780 செப்டம்பர் 10-இல் பொள்ளிலூரில் பெய்லியின் படை அழிந்தது; துணைக்கு வந்திருந்த மன்ரோ பீரங்கிகளைக் காஞ்சிபுரத்தில் விட்டுவிட்டுச் செங்கற்பட்டு வழியே சென்னைக்குப் பின்வாங்கினான். இத்தோல்விக்குப் பின், 1781-இல், கும்பினியின் பொருட்டு ஹானோவரில் இரண்டு படையணிகள் திரட்டப்பட்டன. அவை சென்னை வந்து 1783 சூன் 13-இல் கடலூர்ப் போரில் பிரெஞ்சுக்காரரை எதிர்த்துப் பொருதன. 1791-92-இல் எஞ்சியோர் நாடு திரும்பினர். ஏறத்தாழப் பத்தாண்டுகள் இரண்டு முழுப் படையணிகள் தமிழகத்தில் இருந்தும் நம் வரலாற்று நூல்களில் அவை பெறுவது ஒரு வரி, சிலவற்றில் அதுவுமில்லை.

இப்படையோடு ஒட்டிய கதை ஒன்று உண்டு. கடலூரில் காயமுற்றுச் சிறைப்பட்ட பிரெஞ்சுச் சிறுபடைத்தலைவன் ஒருவனை ஹானோவர்த் தலைவர் வாங்கன்ஐம் பரிவோடு காத்தார் எனவும், அவ்விளைஞனே பின்னாளில் சுவீடனின் மன்னனாகிய பெர்னதோத்து எனவும் கூறுவர். கேட்க இனிய கதைதான். ஆனால் பெர்னதோத்து இந்தியா வந்தமையையே வரலாற்றாசிரியர் பலர் ஐயுறுகின்றனர். பெரியோன் பெயரோடு ஒட்டிக்கொள்ளும் விருப்பம் படைக்கலங்களுக்கு மட்டும் உரியதன்று.

தமிழ் ஆராய்ச்சியாளர் கருதத்தக்க மற்றொரு செய்தி இதனினும் உறுதியானது. இப்படையில் பணியாற்றியவருள் ஒருவர் கார்ல் ஆகசுடு சிலேகல். நாட்டின் நிலவியலை ஆராய்வதில் ஈடுபட்ட அவர் 1789-இல் சென்னையிலேயே இறந்தார். 1808-இல் இந்தியரின் மொழியையும் மெய்யறிவையும் பற்றி நூல் எழுதி ஒப்பியல் மொழிநூலுக்கு வித்திட்ட பிரெடரிக்கு சிலேகலும், 1818-இல் பான் பல்கலைக்கழகத்தில் பேராசிரியராகி வடமொழிக் கல்வியை நிலைநிறுத்திய ஆகசுடு வில்லெம் சிலேகலும் அவர் தம்பியர். செருமானியத்தின் இந்தியவியற் குடும்பத்தில் முதலில் இந்தியாவைக் கண்டவர் துப்பாக்கி ஏந்திய படையிலேயே வந்தார் என்பது நினைவிற் கொள்ளத்தக்கது.

ஹானோவரார் நின்ற இடங்களில் பழந்துப்பாக்கி ஒன்று கிடைப்பின் அதனைச் செருமானியம் எனலாமா? படையின் குடிமை துப்பாக்கியின் குடிமை ஆகாது. பூட்டுத் தகட்டில் நான்காய்ப் பகுத்த நெஞ்சுருவம் காணப்படின் அஃது ஆங்கிலக் கும்பினியின் உடைமை. 1808-ஐ ஒட்டி அந்நெஞ்சுருவம் நீங்கி நிமிர்ந்த அரிமா இடம்பெற்றது. 'பொட்சுதாம் பண்டகசாலை' என்னும் பொறிப்பு இருப்பின் அது 1722-இல் பிரசிய மன்னர் முதலாம் பிரெடரிக்கு வில்லெம் நிறுவிய பட்டறையின் வழியது. பொறிப்பே சான்று, கிடைத்த இடம் துணைச்சான்று, செவிவழிச் செய்தி மூன்றாவது.

இரும்பில் எழுதிய எழுத்து

செருமானியப் படைத் துப்பாக்கி என்று முறையாகக் கூறத்தக்கவை பத்தொன்பதாம் நூற்றாண்டுக்குரியன. திரைசே என்பார் சொம்மெர்டா என்னும் ஊரில் ஆக்கி, 1841-இல் பிரசியா ஏற்றுக்கொண்ட ஊசித் துப்பாக்கி அவற்றுள் முன்னோடி. குழலின் பின்புறத்திலேயே தோட்டாவை இட்டமையால் வீரன் படுத்தவாறே சுட இயன்றது. அதனை அடுத்தது வில்லெம் மௌசர், பால் மௌசர் என்னும் உடன்பிறந்தார் நெக்கர் ஆற்றங்கரை ஓபர்ன்தோர்பில் உருவாக்கிய 1871-ஆம் ஆண்டு முறை. அதன் குழல் 11 மில்லிமீட்டர், கரிமருந்துக்குரியது. 1888-இல் புகையற்ற மருந்துக்குரிய சிறுகுழல் வந்தது. 1898-இல் ஏற்கப்பட்ட மௌசரே இரு உலகப் போர்களிலும் செருமானியப் படையின் அடிப்படை.

இவற்றைப் படிப்பது கல்வெட்டுப் படிப்பதற்கு மிக நெருங்கியது. கல்வெட்டில் மெய்க்கீர்த்தி, ஆட்சியாண்டு, நாடு, ஊர், கொடை, கையெழுத்திட்டோர் என்று பகுதிகள் இருத்தல்போல, இவற்றிலும் பட்டறையின் பெயர், ஆண்டு, அரசச் சின்னம், ஆய்ந்து ஏற்ற அலுவலரின் முடிசூடிய எழுத்து, படையணி எண் ஆகியவை தத்தம் இடத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. துப்பாக்கி முனைக் கத்தியின் முதுகில் மன்னர் பெயரின் முதலெழுத்தும் ஆண்டின் இறுதி இரண்டு எண்களும் காணப்படும். பிரசியாவாயின் முடியணிந்த 'டபிள்யூ', பவேரியாவாயின் 'எல்'. '82. ஆர். 3. 45.' என்பதுபோல் வருவது 82-ஆம் காலாட்படையணி, மூன்றாம் பிரிவு, நாற்பத்தைந்தாம் படைக்கலம் என்று பொருள்படும். தனியொரு வீரன் கை வரைக்கும் ஒரு கருவியைத் தொடர இடந்தரும் இத்தகைய பொறிப்பு மிகுந்த பயனுடையது.

ஆயினும் எச்சரிக்கை வேண்டும். 1871-ஆம் ஆண்டு முறையைப் பிரசியப் பட்டறைகளாகிய இசுபந்தாவு, எர்பர்ட்டு, தான்சிகு என்பன மட்டுமன்றி, ஆசுத்திரியத்து இசுடையர் தொழிலகமும், இங்கிலாந்தின் பர்மிங்காம் நகரத்துத் தொழிலகம் ஒன்றும் செய்து கொடுத்தன. பர்மிங்காமில் பிறந்த செருமானியத் துப்பாக்கி! பர்மிங்காம் முத்திரை கண்டு 'இஃது ஆங்கிலேயருடையது' என்று ஒதுக்குபவரும், மௌசர் முறை கண்டு 'இது செருமானியத்தில் ஆனது' என்று கொள்பவரும் ஒருங்கே இடறும் இடம் இது. தான்சிகு இன்று போலந்து நாட்டது என்பதும் உடன் எண்ணத்தக்கது.

ஆண்டுக்கணக்கும் அவ்வாறே. ஓபர்ன்தோர்பில் துருக்கியப் பேரரசுக்கெனச் செய்த மௌசர்களில் பொறிப்பு முழுவதும் அரபெழுத்திலும் அரபெண்ணிலும் அமையும். மெசபொத்தேமியப் போரில் துருக்கியரை எதிர்த்து நின்ற படையில் சென்னைப் படைப்பிரிவினரும் இருந்தனராகலின், அத்தகைய ஒன்று வெற்றிச் சின்னமாக நம் நாட்டுக்கு வந்திருத்தல் இயலாத ஒன்றன்று. அதில் 1321 என்னும் ஆண்டு காணப்படின், ஹிசிரி என்று கொண்டால் 1903-04. துருக்கியரின் ரூமிக் கணக்கென்று கொண்டால் 1905-06. கலி, சகம், கொல்லம், அறுபதாண்டு வட்டம் ஆகியவற்றோடு பழகிய நம்மவர்க்கு இது புதிய இடர்ப்பாடன்று.

பொறிப்பும் பொய் கூறும். சோலிங்கன் நகரத்து வாளலகுகளில் வெட்டப்பட்ட 'ஓடும் ஓநாய்' முத்திரை முதலில் பாசாவு நகரத்துக்குரியது. சோலிங்கர் அதனைத் தமதாக்கினர். பின்னர்க் காக்கசு மலைநாட்டுக் கொல்லர்வரை அதனைப் படியெடுத்தனர். போலிச் செப்பேடுகளை எழுத்தமைதி கொண்டு இனங்காண்பதுபோல, முத்திரையின் ஆழம், வெட்டின் முறை, அருகிலுள்ள பிற குறிகளோடு அதன் இயைபு ஆகியவற்றைக் கொண்டே இவற்றையும் துணிதல் வேண்டும்.

எம்டன்

செருமானியம் ஓர் அரசாகித் தன் கொடியோடு இக்கரைக்கு வந்தது ஒருமுறைதான். 1914 செப்டம்பர் 22-ஆம் நாள் இரவு எம்டன் என்னும் போர்க்கப்பல் சென்னைத் துறைமுகத்து எண்ணெய்க் கொள்கலன்கள்மீது நூற்றுக்கும் மேற்பட்ட குண்டுகளை வீசி, அரைமணிப் பொழுதுக்குள் மறைந்தது. அக்கப்பலுக்குப் பெயர்தந்த எம்டன் துறைமுகத்தில்தான் பிரசிய மன்னர் 1751-இல் ஆசிய வணிகக் குழு ஒன்றைத் தொடங்கினார். தமிழில் எம்டன் என்பது வல்லாளன், எத்தன், கண்டிப்புமிக்கவன் என்னும் பொருள்களில் வழக்குச் சொல்லாயிற்று. செருமானியம் தமிழ்ப் பேச்சுக்கு நேரே தந்த பெயர் இதனைப்போல் பிறிதொன்றை யான் அறியேன். ஆனால் கப்பலினின்று ஒருவரும் இங்குக் கரையிறங்கவில்லை. ஒரு ரைபிளும் வரவில்லை. 'எம்டன் விட்டுச்சென்ற துப்பாக்கி' என்று எவரேனும் காட்டினால் அதனை அப்பொழுதே ஒதுக்கலாம்.

அவ்வாண்டு நவம்பரில் கிழக்கு ஆப்பிரிக்காவின் டாங்காவில் நடந்த போர் வேறுவகையது. பாளையங்கோட்டைப் பெயர்தாங்கிய 63-ஆம் படைப்பிரிவும், சென்னைப் படையைச் சார்ந்த 61-ஆம் முன்னணிப் பணிப்படையும் ஆங்கிலேயர் பக்கம் அங்கு இறங்கின. எதிர்நின்ற ஆப்பிரிக்க வீரருட் பலர் ஏந்தியது புகை கக்கும் பழைய 1871 மௌசரே. வென்றவர் செருமானியர். எனவே அங்குக் கைமாறியவை பெரும்பாலும் ஆங்கில ரைபிள்கள். அவை செருமானியர் கைக்குச் சென்றன. போர்முனையிலிருந்து வந்தது என்னும் குடும்பச் செய்தியை ஆராய்வோர் எந்தப் போர்முனை, வென்றவர் யார் என்றும் வினவுதல் நன்று.

அழிந்த சான்றுகள்

தஞ்சை மராட்டியர் ஆட்சி 1855-இல் முடிந்த பின்னர், 1863-இல் அரண்மனைப் படைக்கலக் கொட்டில் கலைக்கப்பட்டது. தேர்ந்த சிலவே சென்னை அருங்காட்சியகத்தை அடைந்தன. எஞ்சிய பெருங்குவியல் உடைக்கப்பட்டுப் பழைய இரும்பாக விற்கப்பட்டது. வால்ஹவுசு என்னும் ஆங்கில அலுவலர் 'இந்தியன் ஆண்டிக்குவரி' இதழில் அதுபற்றி எழுதியுள்ளார். அருங்காட்சியகத்தில் எஞ்சியவற்றுள் ஐரோப்பிய அலகுகளைத் தமிழகக் கைப்பிடியில் பொருத்தியவை பல. உடைந்தவற்றில் எத்தனை பொறிப்புகள் அழிந்தனவோ!

அதற்கு முன்னரே, 1801-இல் பாளையக்காரர் கிளர்ச்சியை அடக்கிய கையோடு, எட்வர்டு கிளைவு படைக்கலங்களைத் தடைசெய்து அறிக்கை விடுத்தான். 1878-ஆம் ஆண்டுப் படைக்கலச் சட்டம் உரிமம் இன்றித் துப்பாக்கி வைத்தலைக் குற்றமாக்கியது. விடுதலைக்குப் பின் 1959-ஆம் ஆண்டுச் சட்டம் அதன் இடத்தைப் பெற்றது. மௌசர் போன்ற படைத்துறை ரைபிள்களைத் தனியார் வைத்திருத்தல் பொதுவாக இயலாது. எவ்வாற்றானும் சுடுதற்கியலாத, பழம்பொருள் மதிப்புடைய கலங்களுக்கு மட்டும் சட்டத்தின் 45-ஆம் பிரிவு விலக்களிக்கின்றது. நூறாண்டு கடந்தவற்றுக்கு 1972-ஆம் ஆண்டுத் தொல்பொருட் சட்டமும் உண்டு. மேலை நாட்டுத் தொகுப்பாளர்போல் இங்கு ஒருவர் சுவர் நிறைய மௌசர் தொங்கவிட இயலாது, இயலாமையும் நன்றே. யான் தொகுப்பன துப்பாக்கிகள் அல்ல, அவற்றின் பொறிப்புப் படிகளே. கல்வெட்டுக்குரிய ஈரத்தாள் முறை இரும்புக்கு ஆகாது, துருவேற்றும். மெல்லிய தாளை விரித்துப் பென்சிற் கரியால் தேய்த்தெடுப்பதே தக்கது.

சட்டத்தினும் மிகுதியாகச் சான்றை அழிப்பது துலக்கல். விற்பனைக்காகவோ காட்சிக்காகவோ உப்புத்தாள் இட்டு ஒளிரச்செய்த துப்பாக்கியில் முத்திரை மழுங்கி மறைந்துவிடும். இந்நாட்டுக்குரிய தொண்டைமானின் படைக்கலக் கொட்டிலைக் கண்ட ஔவையார், பீலி அணிந்து நெய் பூசிக் காவலில் விளங்கும் அவன் படைக்கலங்களையும், நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடக்கும் அதியமானின் வேல்களையும் ஒப்பிட்ட புறநானூற்று 95-ஆம் பாட்டை அறியாதார் இலர். அப்பாட்டை வஞ்சப்புகழ்ச்சி என்று மட்டும் கற்பிக்கின்றோம். படைக்கலத்தின் பழுதே அதன் வரலாற்றைக் கூறும் என்னும் ஆராய்ச்சிக் கருத்தும் அதனுள் அடங்கியிருத்தலை யான் வகுப்பில் எடுத்துக்காட்டுவதுண்டு.

ஒரு வீட்டுத் துப்பாக்கி

சதுரங்கப்பட்டினத்துக்கு அண்மைச் சிற்றூர் ஒன்றில், பழைய வேளாண் குடும்பத்தாரிடம் 'ஒல்லாந்தத் துப்பாக்கி' என வழங்கிய ஒன்று இருந்தது. முன்னோர் ஒருவர் ஒல்லாந்தரிடம் துபாசியாக இருந்தார் எனவும், அவர்கள் கோட்டையை விட்டகலும்பொழுது அதனைப் பரிசாக அளித்தனர் எனவும் அவர் கூறினர். உரிமத்தில் அது 'எஸ்.பி.பி.எல்.', அதாவது பின்புறம் தோட்டா இடும் ஒற்றைக்குழல் துப்பாக்கி, என்று மட்டும் பதிவாகியிருந்தது. தேர்தல்தோறும் காவல்நிலையத்தில் ஒப்படைத்து மீட்டுவருவதே அதன் பயனாக இருந்தது. முதியவர் மறைந்த பின்னர் மைந்தர் உரிமத்தைப் புதுப்பிக்க விரும்பாமல் அதனை அரசிடம் ஒப்படைக்க முடிவுசெய்தனர். ஒப்படைக்குமுன் உரியோர் முன்னிலையில் பொறிப்புகளைப் படியெடுக்க எனக்கு வாய்ப்புக் கிட்டியது.

குழல் வழவழப்பானது; புரியில்லை. ஆனால் பூட்டமைப்பு சுழற்றி இழுக்கும் தாழ்; காலாட்படை ரைபிளுக்குரியது. இடப்பக்கத்தில் செருமானிய முறுக்கெழுத்தில் பொறிப்பொன்று அரத்தால் தேய்க்கப்பட்டிருந்தது. இறுதியில் '71' என்னும் எண் மட்டும் தெளிவு. குழலின் அடியில், மரத்தைக் கழற்றிய பின்னரே தெரியுமாறு, முடியணிந்த 'யூ', முடியணிந்த 'எஸ்', வட்டத்துள் '16' என்னும் எண். மேற்புறத்தில் உரோமன் எழுத்தில், ஆங்கிலச் சொல்லாக, 'ஜெர்மனி'.

இவற்றின் பொருள் ஐயத்துக்கிடமற்றது. மௌசர் 1871-ஆம் ஆண்டு முறை ரைபிளாகப் பிறந்தது; 1888-இல் புதிய முறை வந்தபின் படையினின்று கழிக்கப்பட்டுச் செருமானியப் பட்டறை ஒன்றில் பதினாறாம் எண் சிதறுகுண்டுக் குழல் பொருத்தி வேட்டைத் துப்பாக்கியாக மாற்றப்பட்டது. முடியணிந்த எழுத்துகள் 1891-இல் இயற்றி 1893-இல் நடைமுறைக்கு வந்த செருமானியச் சோதனைச் சட்டத்துக்குரியவை. 'எஸ்' சிதறுகுண்டுக் குழலைக் குறிக்கும். புரியிட்டதாயின் 'ஜி' இருத்தல் வேண்டும். ஆங்கிலத்தில் நாட்டின் பெயர் பொறித்தது 1887-ஆம் ஆண்டு இங்கிலாந்து வணிகக்குறிச் சட்டத்தையும் 1889-ஆம் ஆண்டு இந்தியச் சட்டத்தையும் கருதியே. ஒல்லாந்தர் சதுரங்கப்பட்டினத்தை ஆங்கிலேயரிடம் இறுதியாக விட்டது 1825-இல். அதற்கும் இத்துப்பாக்கி இவ்வுருப்பெற்றதற்கும் இடையே எழுபதாண்டு இடைவெளி.

குடும்பத்தாருக்கு இது மகிழ்ச்சி தரவில்லை. துபாசி என்னும் முன்னோரே பொய்யா என்று வினவினர். அவ்வாறு கூறுதற்கு இடமில்லை. ஒல்லாந்தரிடம் பணியாற்றியமைக்குப் பழைய ஆவணங்களில் வேறு சான்று இருக்கலாம். துப்பாக்கி அதற்குச் சான்றன்று என்பதே முடிபு. ஒருகால் உண்மையான ஒல்லாந்தத் துப்பாக்கி ஒன்று முன்னர் இருந்து, 1878-ஆம் ஆண்டுச் சட்டத்தின் பின் ஒப்படைக்கப்பட, அதன் ஆணியில் தொங்கிய அடுத்த துப்பாக்கிக்கு அதன் பெயரே நிலைத்திருக்கலாம். பாட்டன் பெயர் பேரனுக்கு வருவது நம் வீடுகளில் இயல்புதானே. இது கருத்தளவையேயன்றிச் சான்றன்று. என் குறிப்பேட்டிலும் அவ்வாறே தனியே எழுதியுள்ளேன்.

துப்பாக்கி ஒப்படைக்கப்பட்டுவிட்டது. படிகள் உள்ளன. அவற்றை மீண்டும் ஒப்புநோக்கியபொழுது மற்றொன்று புலப்பட்டது. குழலுறையில் உள்ள எண்ணின் இறுதி இரு இலக்கங்கள் 38; தாழின் கைப்பிடி வேரில் பொறித்தவை 91. படையில் இருந்தவரை இவ்விரண்டும் ஒத்திருத்தல் வேண்டும் என்பது விதி. எனவே தாழ் வேறொரு ரைபிளினுடையது. மாற்றியமைத்த பட்டறையின் குவியலில் கைக்கெட்டியதை எடுத்துப் பொருத்தியிருத்தல் வேண்டும். கைப்பிடி வேரிலுள்ள முடிசூடிய எழுத்தும் குழலுறையிலுள்ளதும் வெவ்வேறு ஆய்வலுவலருடையவை.